மரக்கன்றுக்குக் குட்டை மருந்து: நெல்லை நாற்றங்கால்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐப்பசி மழை தள்ளிப்போகும் வருஷங்களில் நெல்லைச் சீமை நாற்றங்கால்களில் ஒரே பேச்சுதான். பைக்கன்று இடுப்பு உயரம் வந்துவிட்டது, நடுகிறவர் இன்னும் வரவில்லை, ஏதாவது மருந்து போட்டு நிறுத்தி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். நாங்குநேரி, வள்ளியூர், ஆலங்குளம், கடையம் என்று எந்தப் பக்கம் போனாலும் சந்தேகங்கள் இவைதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இது நாற்றங்காலில் நிற்கும் மரக்கன்றுகளுக்கு மட்டும். காய்க்கிற மாமரத்துக்கு ஊற்றுவது வேறு விஷயம்.

அண்ணாச்சி, குட்டை மருந்துன்னு சொல்லுதாங்களே, அது உரமா, பூச்சி மருந்தா?

இரண்டும் இல்லை. செடி தன் உடம்புக்குள்ளேயே ஜிப்ரலின் என்ற ஊக்கியைத் தயாரிக்கிறது. தண்டின் செல்கள் நீளுவது அதனால்தான். அந்தத் தயாரிப்பைக் கொஞ்ச காலம் மட்டுப்படுத்துவதுதான் குட்டை மருந்தின் வேலை. வேளாண்மைப் புத்தகங்களில் வளர்ச்சித் தடுப்பான் என்று இருக்கும். கணுக்களும் இலைகளும் எண்ணிக்கையில் பெரிதாகக் குறையாது. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே உள்ள தூரம்தான் சுருங்கும். இலை சிறுத்து, தடித்து, கரும்பச்சையாகத் தெரியும்.

ஜிப்ரலின் கண்டுபிடிக்கப்பட்டதே நெல் நாற்றில்தான். ஜப்பானில் சில நாற்றுகள் மட்டும் வெளுத்து, நெட்டையாக வளர்ந்து, கதிர் பிடிக்காமல் போயின. அதற்குக் காரணம் ஒரு பூஞ்சாணம் சுரக்கும் பொருள் என்று 1926-ல் குரோசாவா என்பவர் காட்டினார். அந்தப் பொருள்தான் பிற்பாடு ஜிப்ரலின் ஆனது. அந்த நோய் நம் ஊர் நாற்றங்கால்களிலும் வருவதுதான், நெல் விதைக்கிறவர்கள் பார்த்திருப்பார்கள்.

கடையில என்ன பேர் சொல்லிக் கேக்கணும்?

முக்கியமாக இரண்டு. ஒன்று குளோர்மெக்வாட் குளோரைடு, 50 சதவீத எஸ்எல் (தண்ணீரில் கரையும் திரவம்). லிஹோசின் என்ற பெயரில் வரும். சைக்கோசெல், சிசிசி என்றும் சொல்வார்கள். இன்னொன்று பேக்லோபியூட்ரசால், 23 சதவீத எஸ்சி (மருந்துத் துகள் மிதக்கும் திரவம்). கல்டார் என்றால் மாந்தோப்புக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பருத்திக்கு அடிக்கிற மெபிக்வாட் குளோரைடும் இதே வகைதான் என்றாலும் மரக்கன்றுக்கு அதை யாரும் தேடிப் போவதில்லை.

இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. குளோர்மெக்வாட்டை இலையில் தெளிக்கலாம், சில வாரம் பிடிக்கும், அப்புறம் விட்டுவிடும். பேக்லோபியூட்ரசால் வேர் வழியாகவும் தண்டு வழியாகவும் ஏறும். தண்ணீர் போகிற பாதையில் மேல் நோக்கி மட்டுமே நகரும். இலையில் பட்டது அந்த இலையோடு நின்றுவிடும். அதனால் அதை மண்ணில் ஊற்றுகிறார்கள். மண்ணில் அது மாதக்கணக்கில் இருக்கும், ஒரு வருஷத்துக்கு மேலும் இருக்கலாம். பின்னால் வரும் கேள்விகளில் பாதிக்குக் காரணம் இந்த ஒரு குணம்தான்.

கன்னு உயரமா வளர்ந்தா நல்லதுதான? எதுக்கு அடக்கணும்?

உயரம் மட்டும் வளர்ந்தால் நல்லதில்லை. கன்றின் உயரத்தைச் சென்டிமீட்டரிலும், மண்ணை ஒட்டிய அடித்தண்டின் தடிமனை மில்லிமீட்டரிலும் அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். 6-க்குக் கீழே வந்தால் திடமான கன்று. 60 சென்டிமீட்டர் உயரமும் 6 மில்லிமீட்டர் தடிமனும் இருந்தால் 10 வரும். அது குச்சிக்கால் கன்று. அதே 6 மில்லிமீட்டர் தண்டு 35 சென்டிமீட்டர் உயரத்தோடு நின்றால் 6-க்குக் கீழே இருக்கும்.

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் அங்கே காற்றாலைகளே நிற்கின்றன. ஒல்லியாக நெடுத்த கன்றை அங்கே நட்டால் காற்று அதை ஆட்டி ஆட்டி அடிமண்ணில் குழி பறித்துவிடும். வேர் மண்ணைப் பிடிக்க நேரமே கிடைக்காது. தவிர, பை சிறியது. மேலே இரண்டடி இலை இருந்து கீழே கைப்பிடி வேர் இருந்தால், நட்ட மறுநாளே உச்சி வெயிலில் வாடும்.

மருந்து இல்லாம உயரத்தை அடக்க முடியாதா?

முடியும். பெரும்பாலான நாற்றங்கால்களுக்கு அதுதான் சரி. இந்தக் கேள்வி பதில் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல நினைப்பதும் இதுதான். கன்று நெடுப்பதற்கு முதல் காரணம் விதைத்த தேதி. ராதாபுரம், நாங்குநேரி, திசையன்விளை பக்கம் நடவு வடகிழக்குப் பருவமழையை நம்பி, ஐப்பசி, கார்த்திகையில். செங்கோட்டை, குற்றாலம், கடையம் பக்கம் ஆனி, ஆடிச் சாரலிலும் நடலாம். இரண்டு இடத்துக்கும் ஒரே தேதியில் விதைத்தால் ஒரு பக்கத்துக் கன்று கண்டிப்பாக முற்றிப்போகும். வாகை மாதிரி வேகமாக வளரும் மரத்துக்கு மூன்று, நான்கு மாதக் கன்றே போதும். ஐப்பசி நடவுக்கு ஆனி, ஆடியில் விதைத்தால் சரியாக வரும். மாசியில் விதை கைக்கு வந்ததுமே பையில் போட்டுவிட்டு, புரட்டாசியில் மருந்து தேடுவதில் நியாயமில்லை.

அடுத்தது இடைவெளி. பைகளை நெருக்கி அடுக்கினால் ஒவ்வொரு கன்றும் பக்கத்துக் கன்றைத் தாண்டி வெளிச்சத்துக்கு எட்டப் பார்க்கும், தண்டு நீளும். கைக்கு எட்டும் உயரம் வந்ததும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பிரித்து வையுங்கள். நிழல்வலையை அதிக நாள் போட்டிருந்தாலும் இதேதான் நடக்கும். பைகளை மாதம் ஒரு முறை பெயர்த்து இடம் மாற்றி வைத்தால், பைக்கு வெளியே மண்ணில் இறங்கிய வேர் அறுந்து வளர்ச்சி தானாகக் குறையும், பைக்குள் சல்லிவேர் கூடும். நடவுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போதே யூரியாவை நிறுத்திவிடுங்கள். தினமும் இரண்டு வேளை ஊற்றும் தண்ணீரை ஒரு வேளையாக்கி, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்குங்கள்.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. கன்றுகளின் உச்சியை மென்மையான குச்சியாலோ கயிற்றாலோ தினமும் சில தடவை தடவிவிட்டால் தண்டு தடித்து, உயரம் குறைகிறது. செடியைத் தொட்டால் அதன் வளர்ச்சி மாறுகிறது என்பதற்கு 1973-ல் மார்க் ஜாஃபி என்ற அமெரிக்க ஆய்வாளர் தனியாகப் பெயரே வைத்தார். ஆடிக் காற்று அடிக்கும் ஊர்களில் திறந்தவெளியில் வைத்த கன்று தடித்திருப்பதும் இதனால்தான். இலை ஈரமாக இருக்கும்போது தடவ வேண்டாம், நோய் பரவும்.

விதைப்பைத் தள்ளிப் போடச் சொல்லுதீங்க. வேப்பங்கொட்டையை எப்படித் தள்ளிப் போட?

இது நியாயமான கேள்வி. மருந்துக்கு உண்மையான வேலை இருப்பதும் இங்கேதான். வாகை, புளி, கொன்றை விதைகளை மாதக்கணக்கில் வைத்திருந்து வேண்டிய தேதியில் விதைக்கலாம். வேம்பு, இலுப்பை, நாவல் விதைகள் அப்படியில்லை. பழம் விழுந்த சில வாரங்களுக்குள் விதைக்காவிட்டால் முளைப்பு போய்விடும். வேப்பம்பழம் ஆனி, ஆடியில் விழுகிறது. அந்த வருஷ ஐப்பசிக்குள் கன்று நடுகிற பக்குவத்துக்கு வராவிட்டால் அடுத்த ஐப்பசி வரை வைத்திருக்க வேண்டும். அதற்குள் நெடுத்து, பைக்குள் வேர் சுருண்டுவிடும்.

விதையைச் சேமிக்க முடியாத இந்த மரங்களிலும், மழை பொய்த்து மிச்சப்பட்ட கன்றுகளிலும்தான் குட்டை மருந்தைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் எண்ணம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழை மாதிரி வயலெல்லாம் தண்ணீர் நின்று நடவே முடியாமல் போகும் வருஷத்துக்கும் இது பொருந்தும். அப்போதும் மேலே சொன்ன பை பெயர்ப்பும் இடைவெளியும் முதலில். அவற்றைச் செய்யாமல் மருந்து மட்டும் ஊற்றினால் மேலே குட்டையாகவும் உள்ளே வேர் சுருண்டும் நிற்கும் கன்றுதான் கிடைக்கும்.

எந்த மரத்துக்குப் போடவே கூடாது?

தேக்கு. தேக்கை நாற்றுக்குச்சியாகத்தான் பெரும்பாலும் நடுகிறார்கள். கட்டைவிரல் தடிமன் வந்த நாற்றைப் பிடுங்கி, மேலே ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் மட்டும் விட்டு வெட்டி, ஆணிவேரோடு நடும் முறை அது. எப்படியும் வெட்டித்தான் எறியப் போகிறோம், அந்த உயரத்தை மருந்து போட்டு அடக்கி என்ன பயன்?

முருங்கைக்கும் வேண்டாம். பிகேஎம் 1 மாதிரி விதை முருங்கை ஆறே மாதத்தில் காய்த்துவிடும், காயும் இலையும் சாப்பாட்டுக்குப் போகும். அதற்கு நுனி கிள்ளினால் போதும். ஒட்டு கட்டுவதற்கான மாங்கன்றுக்கும் போடாதீர்கள். வேர்ச்செடி, அதாவது ஒட்டைத் தாங்கும் கன்று, தடித்துத் துளிர் ஓட்டத்தோடு இருந்தால்தான் ஒட்டு கூடும். சாலையோரம் நடும் கன்றுக்கும் இது நேர் எதிரான வேலை. அங்கே ஆடு எட்டாத உயரம், ஆறு அடிக் கன்று வேண்டும். அதைப் பெரிய பைக்கு மாற்றி வளர்க்கத்தான் வேண்டும்.

கன்னு இப்பவே ரெண்டரை அடி வந்துட்டு. இப்ப ஊத்தினா குறையுமா?

குறையாது. வந்த உயரம் வந்ததுதான். இனி வரும் வளர்ச்சியை மட்டுமே மருந்து அடக்கும். நீங்கள் நிறுத்த நினைக்கும் உயரத்தில் முக்கால் பங்கு வரும்போதே, புதுத் துளிர் ஓடிக்கொண்டிருக்கையில் போட வேண்டும். ஏற்கெனவே நெடுத்துவிட்டால் நுனியை வெட்டுங்கள். வேம்பு, புங்கன், பூவரசு எல்லாம் வெட்டினால் தழைக்கும். பக்கக் கிளைகளில் ஒன்றை நிறுத்தி மற்றதை நீக்கிவிட்டால் போதும்.

அளவு எவ்வளவு? பாட்டில் மூடியில அளந்து ஊத்தலாமா?

மூடியில் அளக்கவே கூடாது. மருந்துக்கடையில் ஊசிக்குழாய் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மில்லி கோடு போட்டிருக்கும்.

கணக்கு சுலபம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் மூலப்பொருள் (மருந்தில் உண்மையில் வேலை செய்யும் பொருள்) இருந்தால் 1000 பிபிஎம். குளோர்மெக்வாட் 50 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்குச் சுமார் அரை கிராம் மூலப்பொருள். ஆக 1000 பிபிஎம் வேண்டுமென்றால் லிட்டருக்கு 2 மில்லி, 10 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 20 மில்லி. மரக்கன்றுகளில் பொதுவாக 500 முதல் 2000 பிபிஎம் வரை தெளித்துப் பார்க்கிறார்கள். 500-ல் தொடங்குங்கள்.

பேக்லோபியூட்ரசால் மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும். 23 சதவீத மருந்தில் மில்லிக்குச் சுமார் கால் கிராம் மூலப்பொருள் இருக்கும். லிட்டருக்கு 0.4 மில்லி கலந்தால் 100 பிபிஎம். அந்தக் கரைசலில் 50 மில்லியை ஒரு பைக்கு ஊற்றினால் பைக்கு 5 மில்லிகிராம் போகிறது. முதல் சோதனைக்கு அதில் பாதியே போதும். மரத்துக்கு மரம் இது மாறும் என்பதால் யார் சொன்ன அளவையும், என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நேராக எல்லாப் பைக்கும் ஊற்றாதீர்கள். இருபது பையில் ஊற்றி, பக்கத்திலேயே இருபது பையை ஊற்றாமல் வைத்து, ஒரு மாதம் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

லேபிள்ல மாமரம், திராட்சைன்னு போட்டிருக்கு. மரக்கன்னுன்னே இல்லையே?

அதைக் கவனித்துப் படித்தீர்களே, நல்லது. இந்த மருந்துகள் நம் நாட்டில் 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன. எந்தப் பயிருக்கு, எந்த அளவு என்பது லேபிளில் எழுதியதுதான் கணக்கு. உங்கள் மரம் அதில் இல்லையென்றால் அந்த உபயோகம் பதிவில் இல்லை என்று பொருள். கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்லும் அளவை நம்பி முழு நாற்றங்காலுக்கும் ஊற்ற வேண்டாம். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியோ மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியோ உங்களுக்கு எட்டும். மரத்தின் பெயர், பையின் அளவு, மண்கலவை இவற்றைச் சொல்லிக் கேளுங்கள். அரசுத் திட்டத்துக்குக் கன்று கொடுப்பவர்கள் வனத்துறையிடம் கேட்காமல் போடவே கூடாது.

ஊத்துற அன்னைக்கு என்னென்ன பாக்கணும்?

பேக்லோபியூட்ரசால் ஊற்றுவதாக இருந்தால் முந்தின நாள் லேசாகத் தண்ணீர் விட்டு மண்ணை ஈரமாக்குங்கள். காய்ந்த மண்ணில் ஊற்றினால் ஓரத்து இடுக்கு வழியாக ஓடிப்போகும். பைக்கு அடியில் வழியாத அளவு ஊற்றுங்கள். ஒவ்வொரு பைக்கும் ஒரே அளவு போக வேண்டும். பூவாளியால் பொதுவாகத் தெளித்தால் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை என்று வரிசையே கோணலாகிவிடும். அளவுக் குவளை வைத்துப் பை பையாக ஊற்றுவதுதான் வழி. மக்கு, மரப்பட்டைத் தூள் மாதிரி பொருள் அதிகமுள்ள கலவை மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெறும் செம்மண்ணும் மணலும் பிடிக்காது. ஆக பக்கத்து நாற்றங்காலில் சரியாக வந்த அளவு உங்கள் கலவையில் கூடவோ குறையவோ தெரியலாம்.

குளோர்மெக்வாட்டைச் சாயங்காலம் தெளியுங்கள், அன்றைக்கு மேலே தண்ணீர் தெளிக்காதீர்கள். ஒரு வாரத்தில் இலை ஓரம் மஞ்சளாகலாம். லேசாக இருந்தால் தானே சரியாகிவிடும். அதிகமாக இருந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

நாற்றங்கால் வேலையில் பெரும்பகுதி பெண்கள்தான். களை எடுப்பதும் பை பெயர்ப்பதும் அவர்கள் வெறுங்கையால். குளோர்மெக்வாட் வாய் வழியாகப் போனால் ஆபத்தான மருந்து. ஊற்றுகிறவருக்குக் கையுறை, வாய்க்கு மூடி கொடுங்கள். ஊற்றிய பாத்தியில் அன்றைக்கும் மறுநாளும் வேறு வேலை வைக்காதீர்கள். குடிதண்ணீர்ப் பாட்டிலில் மருந்தை மாற்றி வைக்கவே கூடாது. தெளிப்பானைக் கால்வாயிலோ கிணற்றடியிலோ கழுவ வேண்டாம். தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீரைக் குடிக்கிற ஊர்கள் நிறைய இருக்கின்றன.

மருந்து போட்டா வேரும் குட்டையாகுமா?

பெரும்பாலும் இல்லை. தண்டுக்குப் போக வேண்டிய உணவு மிச்சமாகி வேருக்குப் போவதால், மேல்பாகத்தோடு ஒப்பிட்டால் வேரின் பங்கு கூடும். சரியான அளவில் போட்டால் கிடைக்கிற உண்மையான லாபம் அதுதான். அளவு கூடினால் வேர் தடித்து, கிளை விடாமல் கட்டையாக நிற்கும். சோதனைக்கு வைத்த பைகளில் இரண்டைக் கிழித்து வேரைக் கழுவிப் பாருங்கள்.

வறட்சி தாங்கும்னு சொல்லுதாங்க, நெசமா?

ஓரளவு. இலை சிறுத்துத் தடிப்பதால் ஆவியாகிப் போகும் தண்ணீர் குறைகிறது. பேக்லோபியூட்ரசால் இலைத்துளைகளை அடக்கி வைக்கும் ஊக்கியையும் செடிக்குள் கூட்டுகிறது. ஆனால் தேரி மணலிலும் கரிசலிலும் நட்ட கன்றைக் காப்பாற்றுவது குழியின் ஆழமும் மூடாக்கும் நட்ட தேதியும்தான். வெயிலுக்கும் தண்ணீர்க் குறைவுக்கும் பழக்காத கன்றை மருந்து மட்டும் காப்பாற்றாது.

நட்ட பிறகும் அப்படியே குட்டையா நின்னுருமா?

குளோர்மெக்வாட் தெளித்த கன்று நிற்காது. சில வாரத்தில் பழைய வேகத்துக்கு வந்துவிடும். பேக்லோபியூட்ரசால் விஷயம் வேறு. பை மண்ணோடு சேர்த்துத்தானே நடுகிறோம், அந்த மண்ணில் மருந்து இருக்கும்வரை அதிலுள்ள வேர் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வேர் வெளி மண்ணுக்குப் போன பிறகுதான் கன்று விடுபடும். நடவுக்குச் சில வாரம் முன்பு ஊற்றினால் முதல் மழைக்காலம் முழுவதும் கன்று சும்மா நிற்கும். நம் ஊரில் வளர்வதற்குக் கிடைப்பதே அந்த இரண்டு, மூன்று மாதம்தான். அதற்குள் புல் மூடிவிடும், ஆடும் கடித்துவிடும்.

ஆகவே பேக்லோபியூட்ரசால் என்றால் நடவுக்கு ஐந்தாறு மாதம் முன்பு, குறைந்த அளவில். அவ்வளவு நாள் இல்லையென்றால் குளோர்மெக்வாட். அதற்கும் நாள் இல்லையென்றால் நுனி வெட்டு.

மாமா, அளவு கூடிப்போச்சு. இலையெல்லாம் உச்சியில கொத்தா சுருண்டு நிக்கு. காப்பாத்த முடியுமா?

பெரும்பாலும் முடியும். கன்று சாகவில்லை, நீளத்தான் முடியவில்லை. ஜிப்ரலிக் அமிலம் கடையில் கிடைக்கும். 50 பிபிஎம் அளவில் துளிரில் தெளித்து, பத்துப் பதினைந்து நாள் பொறுத்துப் பாருங்கள். மருந்து தடுப்பது செடியின் சொந்தத் தயாரிப்பைத்தான். வெளியிலிருந்து கொடுப்பதைச் செடி எடுத்துக்கொள்ளும். பேக்லோபியூட்ரசால் மண்ணில் இருப்பதால் ஒரு முறை தெளித்தது போதாமல் போகலாம், மறுபடி தெளிக்க வேண்டிவரும். வேகமாக நீளட்டும் என்று ஜிப்ரலிக் அமிலத்தின் அளவையும் கூட்டிவிடாதீர்கள், வெளுத்து, ஒடிகிற தண்டாக வரும்.

சில பைகள்தான் என்றால் கன்றை மெதுவாக எடுத்து, பழைய மண்ணை முடிந்தவரை உதிர்த்து, புதுக் கலவையில் நடுவதும் நல்ல வழி. வேரை அதிகம் குலைக்காமல், நிழலில் வைத்துச் செய்யுங்கள். உரத்தைக் கூட்டுவதால் ஒன்றும் ஆகாது.

மருந்து போட்ட மண்ணைத் திரும்பப் பையில நிரப்பலாமா? அந்தப் பாத்தியில கத்தரி நாத்து விடலாமா?

பேக்லோபியூட்ரசால் என்றால் இரண்டும் வேண்டாம். இரண்டாவது பதிலில் சொன்ன மாதிரி அது மண்ணில் நீண்ட நாள் தங்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுக்கு மிகச் சிறிய மிச்சம்கூடப் போதும், குறுகி நிற்கும். மரக்கன்றும் காய்கறி நாற்றும் சேர்த்து வளர்ப்பவர்கள், மருந்து ஊற்றும் பைகளுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கி, கீழே பாலித்தீன் தாள் விரித்து வையுங்கள். விற்காமல் செத்த பைகளின் மண்ணைத் தனியாகக் குவித்து, மரம் நடும் பெரிய குழிகளில் மற்ற மண்ணோடு கலந்து தீர்த்துவிடலாம்.

நான் குட்டை மருந்தே வாங்கல. பூஞ்சாண மருந்துதான் ஊத்தினேன். ஆனா கன்னு குட்டையா, கரும்பச்சையா நிக்குதே?

எந்தப் பூஞ்சாண மருந்து என்று பாட்டிலைப் பாருங்கள். ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல், டெபுகோனசோல் எல்லாம் ட்ரையசோல் குடும்பம். பேக்லோபியூட்ரசாலும் அதே குடும்பம்தான். பூஞ்சாணத்துக்கு அடித்தாலும் செடியின் ஜிப்ரலினைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் குணம் இவற்றில் உண்டு. நாற்றழுகலுக்குப் பயந்து வாரம் தவறாமல் ஊற்றினால் அது வெளியே தெரிய ஆரம்பிக்கும். நாற்றழுகலுக்கு முதல் மருந்து தண்ணீரைக் குறைப்பதும் வடிகாலும். மருந்து தேவைப்பட்டால் வேறு குடும்பத்து மருந்தோடு மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஏற்கெனவே ட்ரையசோல் ஊற்றிய பையில் மேற்கொண்டு குட்டை மருந்து ஊற்றாதீர்கள்.

சந்தனக் கன்னுப் பையில துவரையும் நிக்கு. துவரை மூடிக்கிட்டு வருது. ரெண்டுக்கும் சேர்த்து ஊத்தலாமா?

வேண்டாம். சந்தனம் தன் வேரைத் துணைச்செடியின் வேரில் பதித்து உணவு எடுத்து வளரும் மரம். அதற்காகத்தான் பையில் துவரையோ பொன்னாங்கண்ணியோ வைக்கிறோம். பையில் ஊற்றினால் மருந்து இரண்டு செடிக்கும் போகும். துணைச்செடி சோர்ந்தால் சந்தனமும் சோரும், எதனால் சோர்ந்தது என்றுகூடப் பிரித்துச் சொல்ல முடியாது. துவரையைச் சந்தனத்தின் உயரத்துக்குக் கீழே வருமாறு கத்தரித்துக்கொண்டே இருங்கள். அந்த வேலைக்கு ஒரு கத்தரிக்கோல் போதும்.

இயற்கை விவசாயத் தோட்டத்துக்குக் கேக்காங்க. கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. இவை செயற்கை வளர்ச்சி ஒழுங்கிகள். நம் நாட்டு அங்ககச் சான்று விதிகளில் இவற்றுக்கு இடமில்லை. அவர்களுக்கென்று மருந்து படாத வரிசையைத் தனியாக வைத்து, பெயர்ப்பலகை போட்டுவிடுங்கள்.

வாங்குறவங்ககிட்ட மருந்து போட்டதைச் சொல்லணுமா? சொன்னா வாங்க மாட்டாங்களே?

சொல்லத்தான் வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஒரு விவசாயி கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் மலைவேம்போ மகோகனியோ நடுகிறார். முதல் வருஷம் கன்று நகரவே இல்லையென்றால் மண் சரியில்லை, தண்ணீர் சரியில்லை என்று நினைத்து மேலும் மேலும் உரம் போட்டுச் செலவழிப்பார். என்ன மருந்து, எந்த மாதம், பைக்கு எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதாவது அவருக்குத் தெரியும். காரணத்தோடு சொன்னால் வாங்குகிறவர்கள் வாங்கத்தான் செய்கிறார்கள். திடமான தண்டைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

நான் வாங்குறவன். கன்னைப் பாத்தே மருந்து போட்டதான்னு கண்டுபிடிக்க முடியுமா?

உறுதியாகச் சொல்ல முடியாது, சந்தேகப்படலாம். தண்டில் கீழ்க் கணுக்கள் தள்ளித் தள்ளி இருந்து, மேலே வர வரத் திடீரென்று நெருங்கி, உச்சி இலை கரும்பச்சையாகத் தடித்திருந்தால் நடுவில் ஏதோ ஊற்றியிருக்கிறார்கள். தண்ணீரைக் குறைத்துப் பழக்கிய கன்றிலும் மேல் கணு நெருங்கும். ஆனால் அதில் இலை அவ்வளவு கருக்காது, தண்ணீர் விட்டுப் பத்து நாளில் புதுத் துளிர் சாதாரணமாக நீளும்.

கன்றின் வயதைக் கேளுங்கள், அதைவிட அடித்தண்டைப் பாருங்கள். ஒன்றரை அடி உயரம், ஆனால் அடித்தண்டு பட்டை முற்றி மரமாகியிருக்கிறது என்றால் அது பழைய கன்று. மருந்து இருக்கிறதோ இல்லையோ, பைக்குள் வேர் சுருண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பையைக் காசு கொடுத்து வாங்கி அங்கேயே கிழித்துப் பாருங்கள். ஆணிவேர் பையின் அடியில் வட்டமடித்திருந்தால் அந்தக் கன்றுகளை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம்.

மொத்தமாக எடுக்கிறீர்கள் என்றால் ஒரு மாதம் முன்பே போய்ப் பத்துக் கன்றை வாங்கி, உங்கள் தோட்டத்து மண்ணில் பெரிய பைக்கு மாற்றி வையுங்கள். இரண்டு ஜோடிப் புது இலைகள் வருவதற்குள் கணு இடைவெளி விரிந்தால் மிச்சத்தையும் எடுக்கலாம்.